மன்னார் மண்ணும் போத்தலில் வரும் நுண்ணங்கியும்: உரக் கடைக்காரர் கவனத்திற்கு

கடந்த சில வருடங்களாக உரக் கடைகளில் ஒரு புதிய சரக்கு இடம்பிடித்து வருகின்றது. கீழே யூரியா மூடைகள் அடுக்கியிருக்கும். மேல் தட்டில் களைநாசினிப் போத்தல்கள் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் ‘உயிர்ப் பசளை’, ‘நுண்ணங்கிப் பசளை’ என்ற பெயர்களில் சிறிய பைகளும் போத்தல்களும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. வாங்குகின்ற விவசாயிக்கு அது என்னவென்று சரியாகத் தெரியாது. விற்கின்ற எமது சகோதரர்களில் பலருக்கும் தெரியாது. கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன விற்பனைப் பிரதிநிதி சொன்ன நாலு வார்த்தையைத்தான் கடைக்காரர் விவசாயிக்குத் திருப்பிச் சொல்கின்றார்.

முசலி, நானாட்டான், மாந்தை மேற்கு ஆகிய பிரதேசங்களில் உரக் கடை, அரிசி ஆலை, நெல் கொள்வனவு, லொறி ஓட்டம் என்று விவசாயத்தை நம்பித் தொழில் செய்வோர் எம்மில் கணிசமானோர். பெரும்போகத்திற்கு உரம் கடனுக்குப் போகின்றது. அறுவடை முடிந்து நெல் கைக்கு வந்த பிறகுதான் காசு திரும்புகின்றது. மண் விளையாவிட்டால் கடைக்காரரின் கொப்பியிலுள்ள கணக்கு அப்படியே நிலுவையில் கிடக்கும். எனவே வியாபாரப் பக்கத்தில் மண்ணைப் பற்றி எழுதுவதைக் கண்டு வாசகர்கள் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

மூன்று வகை மண்

மன்னாருக்கு வருடத்தில் கிடைக்கின்ற மழை ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர். அதில் பெரும் பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகின்றது. பிறகு நீண்ட வெயில். அத்துடன் மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று. தீவின் தென் கரையில் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் அந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. காற்றாலைக்கு இலாபமான அதே காற்று மண்ணுக்கு நட்டம். மேல்மண்ணின் ஈரத்தையும், இலைகுழை உக்கிச் சேர்ந்த கொஞ்ச நஞ்சச் சத்தையும் அது அள்ளிக்கொண்டு போய்விடுகின்றது.

தீவில் மணல், பனையும் பெருக்க மரமும் தாங்குகின்ற மண். பெருநிலப்பரப்பில் முருங்கன் பக்கம் கறுப்புக் களி. மழையில் பசை போல ஒட்டும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல் நீர் கொடுக்கின்ற கட்டுக்கரைக் குளத்தின் நெல் வயல்கள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மூன்றாவது, கரையோரத்து உவர் நிலம். கோடையில் மேலே வெள்ளை பூத்திருக்கும். மூன்றுக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு: சேதனப் பொருள் போதாது. வெப்பத்தில் அது வேகமாக எரிந்து முடிந்துவிடுகின்றது. சேதனப் பொருள் இல்லாத மண்ணில் நுண்ணங்கிகளுக்கு உணவில்லை. அவை இல்லாத மண்ணில் நாம் போடுகின்ற யூரியா பயிருக்குப் போவது பாதி, வீணாவது பாதி என்றாகிவிடுகின்றது.

1990 ஒக்டோபரில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார் மக்களில் பெரும் பகுதியினர் புத்தளம், கல்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். 2009க்குப் பின்னர் திரும்பியவர்களின் காணிகள் இருபது வருடம் காடு மண்டிக் கிடந்தவை. (2017 மார்ச்சில் மாவில்லு வன வர்த்தமானியால் வந்த தலையிடி தனிக் கதை, அதற்கு இன்னொரு வாரம் வேண்டும்.) திரும்பி வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கல்பிட்டி மணலில் மிளகாயும் சின்ன வெங்காயமும் கிழங்கும் செய்து பழகிய தொழிலையும் கொண்டுவந்தார்கள். நீரிறைக்கும் பம்பு, தூவல் பாசனம், மூடை மூடையாக யூரியா என்பதே அந்தத் தொழிலின் முறை.

ஆனால் அந்த முறைக்கு ஒரு விலை உண்டு. கல்பிட்டிக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார ஸ்தாபனம் குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை 1990களிலிருந்து ஆய்வுகள் காட்டிவந்திருக்கின்றன. மணலில் போட்ட யூரியா வேரில் நிற்பதில்லை. நீரோடு இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடுகின்றது. மன்னார் தீவும் மணல்தான். உப்பு நீருக்கு மேலே மிதக்கின்ற மெல்லிய நன்னீர்ப் படைதான் அங்கும் கிணறுகளுக்கு ஆதாரம். கல்பிட்டியின் முறையை அப்படியே எருக்கலம்பிட்டிக்கும் தாராபுரத்துக்கும் கொண்டுபோனால் கல்பிட்டியின் கிணறும் கூடவே வரும். குறைந்த யூரியாவில் விளைவிக்கின்ற வழி மன்னாருக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

நுண்ணங்கி என்ன செய்கின்றது?

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். அது இருந்தும் பயிரால் நேரடியாக எடுக்க முடியாது. பயறு, உளுந்து, கௌபி, நிலக்கடலை போன்ற அவரையினப் பயிர்களின் வேரில் சிறு முடிச்சுகள் இருப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதற்குள் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பற்றீரியாதான் காற்று நைதரசனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கின்றது. பதிலுக்குச் சீனியை வாங்கிக்கொள்கின்றது. ஒரு நியாயமான கொடுக்கல் வாங்கல். ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரு ஜேர்மனியர்கள் 1886இல் இதை நிரூபித்தார்கள். நொபே, ஹில்ட்னர் என்ற வேறு இருவர் அந்தப் பற்றீரியாவை வளர்த்து விற்பதற்கு 1896இல் காப்புரிமையே எடுத்துவிட்டார்கள். ஆக இந்தச் சரக்கு எமக்குப் புதிதே தவிர உலகத்திற்கு நூற்றிருபது வருடங்களுக்கு மேல் பழையது.

இரண்டாவது கூட்டம் வேர்ப் பங்கசு, அதாவது மைக்கோரைசா. இது வேருக்குள் நுழைந்து, வெளியே நூல் போல நீண்டு, வேர் எட்டாத இடத்திலுள்ள பொசுபரசையும் ஈரத்தையும் இழுத்துக் கொடுக்கின்றது. அத்துடன் மணல் துணிக்கைகளைக் கட்டிப் பிடிக்கின்றது. மன்னார் மணலுக்கு இந்த வேலைதான் பெரிய உபகாரம். கோவா, கடுகு இனப் பயிர்களோடு மட்டும் அது சேராது. அவற்றுக்கு இந்தப் பையை விற்பது காசைப் பிடுங்குவதாகவே முடியும். மூன்றாவது, அசோஸ்பைரில்லம், பொசுபோபற்றீரியா போன்றவை. இவை நெல்லுக்கும் மரக்கறிக்கும் உதவுகின்றன. சவுக்கு மரத்திற்கும் ஃபிராங்கியா என்றொரு பங்காளி உண்டு. கடற்கரை மணலில் உரமில்லாமல் சவுக்கு நிற்பதன் இரகசியங்களில் அதுவும் ஒன்று.

நுண்ணங்கியைக் கொண்டு ஒரு நாடே சம்பாதிக்க முடியும் என்பதற்குப் பிரேசில் சாட்சி. ஜொஹானா டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானியின் வழிகாட்டலில் அந்த நாடு தனது சோயாவை யூரியாவில் அல்லாமல் பற்றீரியாவில் வளர்த்தது. அதே பணியைத் தொடர்ந்த மரியாங்கெலா ஹுங்ரியாவுக்கு 2025இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அவரது பணியால் பிரேசில் விவசாயிகளுக்கு வருடத்தில் 25 பில்லியன் டொலர் வரை மிச்சம் என்று பரிசு வழங்கிய அமைப்பு கூறியது.

எமது நாட்டிலும் வேலை நடந்திருக்கின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திலும் பணியாற்றிய பேராசிரியர் எஸ்.ஏ. குலசூரிய சோயாவுக்கான ரைசோபியத்தை விவசாயிகளின் வயல் வரை கொண்டுபோனார். அதில் வியாபாரிகளுக்கு ஒரு பாடம் இருக்கின்றது. அந்தப் பக்கெட் கடைத் தட்டில் காத்துக் கிடக்கவில்லை. சோயாவை வாங்குகின்ற தனியார் கம்பனியே தனது ஒப்பந்த விவசாயிகளுக்கு அதைக் கொடுத்தது. விளைச்சலை வாங்குபவனே கொடுக்கும்போது பொய்யான சரக்கைக் கொடுக்க மாட்டான், நட்டம் அவனுக்குத்தான். அதே நிறுவகத்தின் பேராசிரியர் காமினி செனவிரத்ன அடுத்த படிக்குப் போனார். தனியாகப் போட்ட பற்றீரியா மண்ணில் சீக்கிரம் செத்துப் போகின்றது என்பதால், பங்கசு இழைகளில் பற்றீரியாக்களை ஒட்ட வைத்து, அவை தாமே சுரக்கின்ற பசைக்குள் பாதுகாப்பாக வாழும் ‘உயிர்ப்படல’ப் பசளையை உருவாக்கினார். நெல்லுக்கு இதைப் பாவித்தால் இரசாயனப் பசளையைப் பாதியாகக் குறைக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கூற்று. மன்னார்க் களியில் அதை எடுத்த எடுப்பில் நம்பி அரைவாசி யூரியாவை வெட்டச் சொல்லி ஒரு விவசாயிக்கு நான் சொல்ல மாட்டேன். ஒரு வரவையில், கால்வாசியைக் குறைத்துப் பார்க்கச் சொல்லுவேன்.

2021 தந்த அடி

நுண்ணங்கி என்ற சொல்லே எமது விவசாயிகளுக்குக் கசந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடை செய்யப்பட்டது. மண்ணைத் தயார்ப்படுத்தாமல், மாற்றுப் பசளை கைவசமில்லாமல் செய்த காரியம். நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. அடுத்த வருடம் யூரியா மூடை முப்பதாயிரம் ரூபாவையும் தாண்டி விற்றதைக் கடைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த நாட்களில்தான் ‘ஹிப்போ ஸ்பிரிட்’ கப்பல் வந்தது. சீனாவின் சிங்தாவோ சீவின் கம்பனியிடம் 99,000 தொன் சேதனப் பசளைக்கு ஒப்பந்தம். முதற் கப்பலில் 20,000 தொன். மாதிரிகளில் தாவரங்களுக்கு நோய் தரக்கூடிய பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடைச் சேவை கூறி இறக்க மறுத்தது. கம்பனி அதை மறுத்தது. விவகாரம் நீதிமன்றத்துக்கும் தூதரகத்துக்கும் போய், கடைசியில் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலரை இலங்கை கொடுத்துத் தீர்த்தது. சரக்கும் இல்லை, காசும் இல்லை. உயிருள்ள சரக்கில் ‘எது உயிரோடு இருக்கின்றது’ என்ற கேள்வியைக் கப்பலேற்றும் முன்னர் கேட்காததன் விலை அது.

மீனைப் போன்ற சரக்கு

யூரியா உப்பு மாதிரி; காய்ந்த இடத்தில் வைத்தால் அடுத்த வருடமும் விற்கலாம். நுண்ணங்கிப் பை பேசாலை மீன் மாதிரி. வெயிலில் நின்ற லொறியில் ஒரு பகல் கிடந்தால் போதும், உள்ளே உள்ளது செத்துவிடும். பை கிழியாது, நாறாது, நிறம் மாறாது. அதுதான் மீனைவிட ஆபத்து. தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயிலில் வைத்திருந்த பையை ஐப்பசியில் விற்பவர், பெயருக்குப் பசளை விற்கின்றார். உண்மையில் விற்பது கரித்தூளும் தண்ணீரும்.

இந்தியாவில் 2006இல் உயிர்ப் பசளைகளை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்து அளவு வைத்தார்கள். ரைசோபியம், அசோஸ்பைரில்லம் தூளாக இருந்தால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள கலங்கள் இருக்க வேண்டும். கொள்வனவு செய்யும்போது இந்த எண்ணைக் கேளுங்கள். உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, எந்தப் பயிருக்கான நுண்ணங்கி என்ற மூன்றும் பையில் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். இங்கு 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்க உர ஒழுங்குபடுத்தல் சட்டம் இருக்கின்றது. வெளிநாட்டிலிருந்து நுண்ணங்கி கொண்டுவருவதாயின் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றது. இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து மலிவாகக் கொண்டுவந்து தருகின்றோம் என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டையும் ஞாபகப்படுத்தினால் போதும், பேச்சு நின்றுவிடும்.

குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் என்னவென்று எமது வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செத்த நுண்ணங்கியும் ஒரு குறைதான். கண்ணுக்குத் தெரியாத குறை என்பதால் விற்பவரின் பொறுப்பு கூடுகின்றதே தவிரக் குறைவதில்லை.

சோதித்துப் பார்க்க ஆய்வுகூடம்தான் வேண்டுமென்றில்லை. புதிய கம்பனிச் சரக்கு வந்தால் கடைக்குப் பின்னால் நான்கு சட்டி வையுங்கள். உள்ளூர் மண்ணை நிரப்பி, இரண்டில் நுண்ணங்கி தடவிய கௌபி விதை, இரண்டில் வெறும் விதை. பூக்கும் பருவத்தில் மெதுவாகப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். முடிச்சை நகத்தால் வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் வேலை செய்கின்றது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் சும்மா இருக்கின்றது. இரண்டு வகைச் சட்டியிலும் ஒரே மாதிரிச் சிவப்பு முடிச்சு என்றால் எமது மண்ணிலேயே அந்தப் பற்றீரியா போதுமான அளவு இருக்கின்றது என்று அர்த்தம். கௌபி, பயறு, நிலக்கடலைக்கு அப்படி இருப்பது அபூர்வமல்ல. அங்கே பை தேவையில்லை. சோயா, கொண்டைக்கடலை போன்றவற்றுக்குத்தான் அதற்கே உரிய பற்றீரியாவை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும்.

இதை ஒரு கடைக்காரரிடம் சொன்னபோது, “நானா, தேவையில்லையென்று சொன்னால் வியாபாரம் எப்படி நடக்கும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் கணக்கு வேறு. பயறு நல்ல முடிச்சோடு வளர்ந்து ஹெக்டேயருக்கு 50 கிலோ நைதரசன் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ யூரியா மூடையில் நைதரசன் 23 கிலோதான். ஆக இரண்டு மூடைக்கு மேல் விவசாயிக்கு மிச்சம். அந்த விவசாயி கடனை நேரத்துக்குக் கட்டுவான். அடுத்த போகத்துக்கு நல்ல விதை வாங்குவான். பயறை விற்பதற்கும் அதே கடைக்காரரிடம் வருவான். உரத்தில் குறைந்தது பயறு வியாபாரத்தில் வரும்.

உண்மையான சரக்கு எது?

என் அபிப்பிராயத்தில் மன்னாருக்குரிய பெரிய வியாபாரம் போத்தலில் இல்லை, போத்தலுக்கு முன்னால் இருக்கின்றது. உணவில்லாத மண்ணில் நுண்ணங்கியைக் கொட்டுவது சோறு போடாமல் கூலிக்கு ஆள் பிடிப்பது போன்றது. கோடையில் வயலில் மாட்டுப் பட்டி அடைக்கின்ற எமது பழைய வழக்கம் மண்ணுக்குச் சோறும் நுண்ணங்கியும் ஒன்றாகப் போடுகின்ற வேலை. அந்த மாட்டெரு லொறி ஏறி வெளி மாவட்டங்களுக்குப் போய்விட்டால் எமது வயலுக்கு என்ன மிஞ்சும்?

அரிசி ஆலைகளின் பின்னால் உமி மலை மலையாகக் கிடக்கின்றது. அதைச் சாம்பலாகும் வரை எரிக்காமல், காற்றை அடக்கிக் கருக்கி உமிக்கரியாக்கினால் அது மணலில் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். நுண்ணங்கிக்கு வீடாகவும் இருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் இராமநாதபுரத்தில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டு விற்பது பெரிய தொழில். அதே மரம் இங்கும் பரவி வருகின்றது. பேசாலையில் மிஞ்சுகின்ற பச்சை மீன் கழிவை வெல்லத்தோடு நொதிக்க வைத்துப் பயிருக்குத் தெளிப்பதைத் தமிழ்நாட்டில் ‘மீன் அமிலம்’ என்கின்றார்கள். உப்பிட்ட கருவாட்டுக் கழிவை மட்டும் அதில் சேர்க்கக்கூடாது. உவர் நிலத்துக்கு மேலும் உப்பைக் கொடுக்க வேண்டாம்.

மணல் பறக்கின்ற இடத்திற்குச் சீனாவின் நிங்சியாவில் ஒரு வழி கண்டார்கள். 1958இல் திறந்த பாவோதோ–லன்சோ ரயில் பாதையை மணல் மூடாமலிருக்க, ஒரு மீற்றர் சதுரக் கட்டங்களாக வைக்கோலை மணலில் நட்டார்கள். மணல் நின்றது, சில பத்தாண்டுகளில் அதன் மேல் நீலப்பச்சைப் பாசியும் பாசித்தாவரங்களும் சேர்ந்து ஒரு தோல் படிந்தது. அந்தத் தோல்தான் இப்போது மணலைப் பிடித்திருக்கின்றது. வைக்கோலுக்கு மன்னாரில் பஞ்சமில்லை. பிக்ஹு நூல்களில் ‘இஹ்யாஉல் மவாத்’, இறந்த நிலத்தை உயிர்ப்பித்தல், என்று தனியான அத்தியாயமே இருக்கின்றது. அதில் பேசப்படுவது நில உரிமைச் சட்டம். ஆனாலும் இருபது வருடம் தரிசாகக் கிடந்த முசலிக் காணியைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வருகின்றது.

பாவனை முறையையும் கடைக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விவசாயி கேட்பது உங்களிடம்தான். அவரையின விதைக்குத் தமிழ்நாடு விவசாயப் பல்கலைக்கழகம் சொல்கின்ற அளவு ஹெக்டேயருக்கு 600 கிராம், அதாவது 200 கிராம் பக்கெட் மூன்று. ஆறிய சோற்றுக் கஞ்சியில் கலந்து விதையில் பிரட்டி, நிழலில் அரை மணித்தியாலம் உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். பங்கசுநாசினி பூசிய விதையில் பிரட்டினால் வீண். அசோஸ்பைரில்லமாக இருந்தால் ஹெக்டேயருக்கு 2 கிலோவை 25 கிலோ மக்கிய எருவோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து ஈர மண்ணில் தூவலாம். யூரியாவோடு ஒரே வாளியில் கலக்கவே கூடாது.

பெரும்போகத்துக்கான சரக்கை ஓகஸ்டிலேயே இறக்கி வைக்கின்ற பழக்கம் யூரியாவுக்குச் சரி, இதற்குச் சரிவராது. செப்டெம்பர் கடைசியில், தேவையான அளவு மட்டும், முன்பதிவு செய்த விவசாயிகளின் பட்டியலோடு கொண்டுவந்து, கடையின் மிகக் குளிர்ந்த மூலையில் வைத்து, முதல் மழைக்கு முன்பின்னாகக் கொடுத்து முடித்துவிட வேண்டும். சந்தேகம் இருப்பவர்கள் கமநல சேவை நிலையத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்திலோ விசாரிக்கலாம். சட்டிச் சோதனையை இப்போதே தொடங்கினால் கௌபி பூப்பதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் எடுக்கும். ஓடருக்கு முன் பதில் கையில் இருக்கும்.